பாலைவனத்தில் பனியின் தடம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர் போனால் கூபர் பீடி வரும். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர். மரம் என்று சொல்ல அங்கொன்றும் இங்கொன்றும்தான். வெக்கை தாங்காமல் ஊர்மக்களில் பலர் குன்றுகளைக் குடைந்து உள்ளே குடியிருக்கிறார்கள். இந்த ஊரைச் சுற்றியுள்ள களிப்பாறையில்தான், டைனோசர்கள் உலவிய காலத்தில் கடலில் மிதந்து திரிந்த பனிக்கட்டியின் தடயங்கள் இருக்கின்றன.

அந்தக் காலத்துக்குக் கிரிட்டேஷியஸ் என்று பெயர். சுமார் 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. காற்றில் கரியமிலவாயு மிகுந்து, கடல் மட்டம் உயர்ந்து, துருவத்தை ஒட்டியும் காடுகள் அடர்ந்திருந்த காலம் அது. நிலவியலாளர்கள் அதைப் பசுமைக்குடில் காலநிலை என்பார்கள். அந்த நெடிய வெப்பகாலத்தின் நடுவே குளிர்ந்த இடைக்காலங்களும் வந்து போயின என்று ஒரு சாரார் நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களிடம் என்ன ஆதாரம்? அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அடிலெய்டில் குடியேறி வாழும் நிலவியலாளர் ஒருவர் துணைக்கு வந்தார். திருச்சியில் படித்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவது.

வடக்கே கிளம்புவதற்கு முன் அண்ணன் என்னை நகரின் தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஹாலெட் கோவ் என்ற இடத்துக்கு அழைத்துப்போனார். செங்குத்தான கரையின் மேல் பாறைகள் தரையோடு தரையாகப் பரந்து கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் பாறையின் முகம் தேய்த்து மெருகேற்றியதுபோல் வழவழப்பாக இருக்கிறது. அந்த மெருகின் மேல் ஒரே திசையில் ஓடும் நீண்ட கீறல்கள். விரலை வைத்துத் தடவினால் பள்ளம் தட்டுப்படுகிறது. சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் பனியுகத்தில், அடியில் கற்களைப் பொதிந்துகொண்டு நகர்ந்த பனியாறு போட்ட கீறல்கள் இவை. ரால்ஃப் டேட் என்ற பேராசிரியர் 1877இல் இவற்றை அடையாளம் கண்டார்.

“தம்பி, இத நல்லா மனசுல வாங்கிக்கோ. பனியாறு நெலத்து மேல நடந்துச்சுன்னா இப்படிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போகும். நாம பாக்கப் போற எடத்துல இந்தக் கையெழுத்து இருக்காது. அங்க வேற மாதிரி சாட்சிங்கதான். அதுங்கள ஒண்ணொண்ணா விசாரிக்கணும்” என்றார் அண்ணன்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். போர்ட் அகஸ்டாவில் கடல் பின்தங்கிவிடுகிறது. அதன்பின் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் சிவந்த மண், சாம்பல் நிறப் புதர், வெயிலில் வெள்ளையாக மின்னும் உப்பு ஏரிகள். மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துவரும் ராட்சத லாரிகள் எதிரே வந்தால் நம் வண்டி ஒருமுறை ஆடி அடங்கும். வழியில் அண்ணன் மேற்குப் பக்கம் கையைக் காட்டி, அந்தத் திசையில்தான் காவ்லர் மலைத்தொடர் இருக்கிறது என்றார். சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்து ஆன மலைகள். செம்பழுப்பான பாறை, அதில் வெளிர்நிறப் படிகங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். “அந்தக் கல்லோட மொகத்த ஞாபகம் வச்சுக்கோ. மறுபடி பாப்போம்” என்றார்.

கிளெண்டம்போவில் வண்டிக்கு வயிறு நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டோம். அடுத்த 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. மாலை சாயும் நேரத்தில் அடிவானம் முழுக்க வெளிறிய மண்குவியல்கள் தெரியத் தொடங்கின. ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஒரு குழி. 1915இல் வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவன், தங்கம் தேடி வந்த தகப்பனாரின் குழுவோடு இங்கே முகாமிட்டிருந்தபோது, ஓப்பல் கல்லைக் கண்டெடுத்தான். அன்றிலிருந்து தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். பின்னோக்கி நடக்காதீர்கள், குழியில் விழுவீர்கள் என்று எச்சரிக்கும் பலகைகள் சாலையோரம் நிற்கின்றன.

நாங்கள் தங்கிய விடுதி பூமிக்குள் குடைந்தது. வெளியே அனல் அடிக்க, உள்ளே மின்விசிறிகூடத் தேவைப்படவில்லை. ஆண்டு முழுவதும் உள்ளே 23 முதல் 25 டிகிரிதானாம். அறையின் சுவர்களில் குடைந்த இயந்திரத்தின் பற்கள் வட்ட வட்டமாகப் பதிந்திருந்தன. ஓப்பல் தோண்டுகிறவர்கள் இந்தப் பாறையை மணற்கல் என்கிறார்கள். சுவரைச் சுரண்டி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால் மணலின் நெருநெருப்பு இல்லை, மாவாக வழுக்குகிறது. கடலடிச் சேறு இறுகி உண்டான களிப்பாறை இது. நிலவியலாளர் இட்ட பெயர் புல்டாக் களிப்பாறை. வயது 11 முதல் 12 கோடி ஆண்டுகள். ஆழத்தில் கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும் பாறை, மேலே கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் ஊறி வெளுத்துப்போயிருக்கிறது. அப்படி வெளுக்கும்போது கரைந்து இறங்கிய சிலிக்காதான் விரிசல்களிலும் பொந்துகளிலும் தேங்கி ஓப்பலாயிற்று.

ஆக, இந்தப் பாலைவனம் அன்றைக்குக் கடல். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பெரும்பங்கை மூடிக்கிடந்த எரோமங்கா கடல். ஆஸ்திரேலியாவும் அப்போது இன்றைய இடத்தில் இல்லை; அண்டார்க்டிகாவோடு ஒட்டிக்கொண்டு வெகு தெற்கே கிடந்தது. கூபர் பீடி இருந்த இடம் ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி தெற்கு அட்சரேகையில், துருவ வட்டத்தின் வாசலில் இருந்தது. குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டிய உடனே மறையும். இன்னும் தெற்கே வாரக்கணக்கில் உதிக்கவே உதிக்காது. அந்த மங்கலான கடலில் நீண்ட கழுத்துள்ள பிளீசியோசர்கள் நீந்தின. 1987இல் இங்கே ஒரு சுரங்கத்தில் அவற்றின் இனத்தைச் சேர்ந்த சிறிய விலங்கொன்றின் எலும்புக்கூடு முழுக்க ஓப்பலாக மாறிய நிலையில் கிடைத்தது. அது துண்டு துண்டாக விலைபோய்விடக் கூடாதென்று பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆஸ்திரேலிய மக்கள் பணம் திரட்டி வாங்கி, சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். எரிக் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 2006இல் அதற்கு உமூனாசாரஸ் என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

காலை வெயில் ஏறுவதற்குள் மூன் பிளெயின் என்ற சமவெளிக்குப் போனோம். ஊருக்கு வடக்கே இருக்கிறது. அதை ஒட்டித்தான் கன்கு-பிரேக்அவேஸ் குன்றுகள். அந்த நிலம் அதன் பூர்வகுடிகளான அன்ட்டாகிரிஞ்சா மாட்டு-யாங்குனிட்ஜாட்ஜாரா மக்களுக்குப் புனிதமானது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். எதையும் எடுத்துவரக் கூடாது. வெள்ளையும் மஞ்சளும் செம்மையுமாகத் தட்டை உச்சிக் குன்றுகள் நிற்க, அவற்றின் காலடியில் பொட்டல்வெளி தொடங்குகிறது. தரையெங்கும் ஜிப்சத் தகடுகள் கண்ணைப் பறிக்கின்றன. நாய் வேலி என்று அழைக்கப்படும் 5,600 கிலோமீட்டர் நீளக் கம்பிவேலி இந்தப் பொட்டலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

அந்தப் பொட்டலில் நான் பார்க்க வந்தது கிடந்தது. முழங்கால் உயரத்துக்கு ஓர் உருண்டைக் கல். சுற்றுவட்டாரத்தில் மண் என்பதே மாவுபோன்ற களிமண்தான். கையளவு கூழாங்கல் கூட இயல்பாக இருக்கக் கூடாத இடம். நடுவே இந்தக் கல் மட்டும் தனித்து உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். செம்பழுப்பு நிறம். அரிசி நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான வெளிர்நிறப் படிகங்கள் உடம்பெல்லாம் சிதறியிருந்தன. விளிம்புகள் மழுங்கி, ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. வழியில் அண்ணன் முகத்தை நினைவு வைத்துக்கொள்ளச் சொன்ன அதே காவ்லர் எரிமலைப் பாறை. சற்றுத் தள்ளி வேறொன்று, வெளிர்ந்த குவார்ட்சைட். இதே களிப்பாறையில் மூன்று மீட்டர் அளவுக்குப் பெரிய கற்களும் பதிவாகியிருக்கின்றன.

கரையிலிருந்து விலகிய கடலடிச் சேற்றுக்குள் இவ்வளவு கனமான கல் எப்படி வந்தது? அண்ணன் ஒவ்வொரு சாட்சியாக விசாரிக்கத் தொடங்கினார். நீரோட்டம் உருட்டிக்கொண்டு வந்திருக்குமா? இந்தக் கல்லை உருட்டும் வேகமுள்ள நீரில் மெல்லிய சேறு படியவே படியாது. கடலடியில் சரிவு ஏற்பட்டு வந்திருக்குமா? அப்படியானால் கல்லும் சரளையும் மணலும் கலந்து ஓர் அடுக்காகக் கிடக்க வேண்டும். இவை ஒற்றைக் கற்களாகச் சிதறிக் கிடக்கின்றன. பிளீசியோசர்களுக்குக் கல் விழுங்கும் வழக்கம் உண்டு. அவற்றின் வயிற்றுக் கற்கள் எலும்புகளோடு கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை வழவழப்பான சிறு கற்கள். இந்த அளவுக் கல் எந்த வயிற்றிலும் அடங்காது. ஆற்று வெள்ளம் வேரோடு பிடுங்கிய மரங்கள் வேர்முடிச்சில் கல்லைச் சுமந்துகொண்டு கடலில் மிதந்து போவது உண்மை. இந்த ஒரு சாட்சியை மட்டும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சில கற்கள் அப்படியும் வந்திருக்கலாம்.

மிச்சமிருப்பது பனிக்கட்டி. கரையோரத்தில் குளிர்காலத்தில் உறையும் பனி, அடியிலுள்ள கற்களைப் பிடித்துக்கொள்கிறது. வசந்தத்தில் உடைந்து மிதந்து போகிறது. நடுக்கடலில் உருகும்போது பிடி தளர்ந்து கல் கீழே விழுகிறது. இன்றும் ஆர்க்டிக் கரைகளில் இது நடக்கிறது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஃபிரேக்ஸும், பின்னாளில் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வகத்தின் இயக்குநரான ஜேன் ஃபிரான்சிஸும் 1988இல் ‘நேச்சர்’ இதழில் இந்தக் கற்களைப் பற்றி எழுதினார்கள். அதே பாறையில் கிடைக்கும் ஊசியிலை மரக்கட்டைகளில் தெளிவான ஆண்டு வளையங்கள் இருக்கின்றன. கோடையில் வளர்ந்து குளிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட மரங்கள். கல்லும் மரமும் சேர்ந்து சொல்வது, கடுங்குளிர்காலம் ஒன்று ஆண்டுதோறும் இங்கே வந்துபோனது என்பதை.

அவர்களுக்கும் முன்னே இதைச் சொன்னவர்கள் உண்டு. 1926இலேயே வால்டர் வூல்நோ என்பவரும் எட்ஜ்வொர்த் டேவிட் என்பவரும், நடு ஆஸ்திரேலியாவில் கிரிட்டேஷியஸ் காலத்தில் பனி இருந்தது என்று எழுதினார்கள். டேவிட்டுக்குப் பனி புத்தகத்தில் படித்த விஷயமல்ல. ஷாக்கிள்டனின் பயணக்குழுவோடு அண்டார்க்டிகா போய், 50 வயதைக் கடந்த நிலையில் சறுக்குவண்டியை இழுத்து நடந்து, 1909 ஜனவரியில் தென் காந்தத் துருவத்தை அடைந்த மூவரில் அவர் ஒருவர். அவருடைய பெயர் இந்தக் கதையில் இன்னோர் இடத்திலும் வருகிறது.

அன்று பிற்பகல், வெயிலுக்கு ஒதுங்கி நிலத்தடியில் இருந்த ஓர் ஓப்பல் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் முதியவர், பல ஆண்டுகள் தோண்டியவர். கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டு இல்லாத ஒரு பொருளை வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. நாலாபக்கமும் கூர்முனைகள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கொத்து. வெளியே பால்வெள்ளை; திருப்பினால் முனைகளின் இடுக்கில் பச்சையும் நீலமும் ஒரு கணம் எரிந்து அணைந்தன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஒயிட் கிளிஃப்ஸ் சுரங்கத்தில் கிடைத்ததாம். அங்கேயும் இதே காலத்துக் கடல் படிவுதான். வியாபாரத்தில் இதை ஓப்பல் அன்னாசி என்கிறார்கள். விற்பனைக்கு இல்லை என்று முதியவர் சொன்னார். கேட்டதும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஓப்பல் தனக்கென்று படிக வடிவம் இல்லாத பொருள். இருக்கும் பொந்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். எனவே இந்தக் கூர்முனைகள் ஓப்பலுடையவை அல்ல. அதற்குமுன் அந்த இடத்தில் இருந்த வேறொரு படிகத்தின் வடிவம். இதேபோன்ற முள்கொத்து வடிவக் கற்கள், ஓப்பலாக மாறாமல் சுண்ணாம்பாகவே, நியூ சவுத் வேல்ஸின் கிளெண்டன் என்ற ஊரருகே பழைய பெர்மியன் பாறைகளில் கிடைத்தன. 1905இல் அவற்றுக்குக் கிளெண்டனைட் என்று பெயர் சூட்டியவர்கள் டேவிட்டும் அவருடைய தோழர்களும். வூல்நோவும் அவர்களில் ஒருவர். மூலப் படிகம் எது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

விடை கிரீன்லாந்தின் இக்கா ஃபியோர்டில் இருந்தது. 1963இல் அங்கே கடலடியில் தூண் தூணாக நின்ற ஒரு கனிமத்தை விவரித்து இக்கைட் என்று பெயரிட்டார்கள். கால்சியம் கார்பனேட்டின் (சுண்ணாம்பின்) ஒவ்வொரு மூலக்கூறோடும் ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்தது. எடையில் பாதிக்குமேல் தண்ணீர்தான். உறைநிலையை ஒட்டிய குளிரில்தான் இயற்கையில் இது நிலைத்திருக்கும். வெளியே எடுத்து அறையில் வைத்தால் குழைந்து நீரும் சாதாரணச் சுண்ணாம்பும் ஆகிவிடும். 1982இல் அண்டார்க்டிகாவின் பிரான்ஸ்ஃபீல்டு நீரிணையில் கடலடிச் சேற்றுக்குள்ளிருந்தும் இக்கைட் படிகங்களை எடுத்தார்கள். கிளெண்டனைட்டின் மூலம் இதுவே என்று தெளிவாயிற்று. டேவிட் பெயரிட்ட கல்லும், டேவிட் கண்ட பனியும் ஒரே கதையின் இரண்டு பாகங்கள் என்பது, அவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது.

ஆகவே என் கையில் இருந்த அந்த அழகான பொருள், 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிக் குளிரின் அச்சு. இக்கைட் போய், சுண்ணாம்பு வந்து, அதுவும் கரைந்து, ஓப்பல் வந்து நிறைந்தது. பொருள் மாறிக்கொண்டே இருந்தும் வடிவம் அழியவில்லை. புல்டாக் களிப்பாறையிலும் கிளெண்டனைட்டுகள் பல அடுக்குகளில் கிடைக்கின்றன. மிதந்து வந்து விழுந்த கற்களும் அதே பாறையில்தான் இருக்கின்றன.

இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்ட முடியாது. நீரின் வேதியியல் தோதாக அமைந்தால் இன்னும் வெதுவெதுப்பான நிலையிலும் இக்கைட்டை உண்டாக்க முடியும் என்று சோதனைச்சாலைகளில் காட்டியிருக்கிறார்கள். அதனால் கிளெண்டனைட் ஒன்றை மட்டும் வைத்துக் கடல் உறைந்திருந்தது என்று தீர்ப்பெழுதக் கூடாது. கல், படிகம், மரவளையம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று சாட்சிகளும் ஒரே பாறையில், ஒரே திசையில் கைகாட்டுவதில்தான் இந்த வழக்கின் வலு இருக்கிறது. நான்காவது சாட்சியும் உண்டு. ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடகோடியில், புல்டாக் களிப்பாறைக்குச் சற்று அடியில் உள்ள கட்னா-ஓவி படிவுகளில், பனியாறு நேரடியாகக் கொட்டிய கலவைப் படிவு இருப்பதாக நெவில் ஆலியும் ஃபிரேக்ஸும் 2003இல் அறிவித்தார்கள். அப்படியானால் கரையோரப் பனி மட்டுமல்ல, மலைகளில் பனியாறுகளும் இருந்திருக்கின்றன.

இரவு உணவுக்குப் பின் நான் கேட்டேன்: “அண்ணே, அப்ப அது வெப்பகாலமே இல்லையா?”

“வெப்பகாலந்தான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீளமான காலம் தம்பி. எல்லா நாளும் ஒரே மாதிரியா இருந்திருக்கும்?” என்றார்.

அவர் சொன்னதற்கு இரண்டு பக்கத்திலும் ஆதாரம் இருக்கிறது. 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, மேற்கு அண்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடலடியைத் துளைத்தெடுத்த மண்ணில், 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காட்டின் வேர்கள் நின்ற நிலையிலேயே கிடைத்ததைச் சொன்னது. அந்த இடம் அப்போது 82 டிகிரி தெற்கில் இருந்தது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 12, 13 டிகிரி என்று கணித்தார்கள். நான்கு மாதம் இருட்டில் கிடந்தும் மழைக்காடு செழித்த இடம்! பனிப்பாளம் இருக்கவே வாய்ப்பில்லாத வெப்பம் அது. ஏறத்தாழ அதே காலத்தில், 9 கோடியே 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய அண்டார்க்டிகப் பனிப்பாளத்தில் பாதியளவு பனி சுமார் 2 லட்சம் ஆண்டுகள் இருந்தது என்று 2008இல் ஒரு குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. கடலுயிர்களின் நுண்ணிய ஓடுகளில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகள்தான் அவர்களுக்கு ஆதாரம். பின்னர் வேறொரு குழு தான்சானியாவின் மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ஓடுகளை ஆராய்ந்து, பனியின் அடையாளம் எதுவும் இல்லை என்று மறுத்தது. பனி இருந்தது என்ற கூற்று இன்றும் நிலைபெறவில்லை. கூபர் பீடியின் குளிர் அதைவிட 2 கோடி ஆண்டுகளுக்கு மேல் முந்தையது. அதன் சாட்சிகளும் பலம் வாய்ந்தவை.

அந்தக் குளிருக்குக் காரணம் என்ன? புல்டாக் களிப்பாறை படிந்த காலத்தின் தொடக்கத்தில், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், பசிபிக் கடலடியில் ஒன்டாங் ஜாவா என்ற மாபெரும் எரிமலைப் பீடபூமி உருவாயிற்று. அது கக்கிய கரியமிலவாயுவால் உலகம் சூடேறியது. பிறகு ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்து, இடையே இளம் தென் அட்லாண்டிக் கடல் திறந்தது. காற்றோட்டமில்லாத அந்தக் குறுகிய கடலின் அடியில் உயிர்களின் மிச்சங்கள் அழுகாமல் புதைந்தன. புதைந்த கரி காற்றுக்குத் திரும்பவில்லை. உலகம் குளிர்ந்தது. மொராக்கோ கடற்கரைக்கு அப்பால் எடுத்த படிவுகளை ஆராய்ந்து 2013இல் எழுதியவர்கள், வெப்பமண்டல அட்லாண்டிக்கிலேயே சுமார் 4 டிகிரி இறங்கியது என்று கண்டார்கள். வெப்பமண்டலத்தில் 4 டிகிரி என்றால் துருவத்தில் இன்னும் கூடுதல். எரோமங்கா கரையில் பனி கட்டுவதற்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம்.

இப்படிக் குளிர்ந்த காலங்களைக் காட்டி, ‘காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, இப்போது மட்டும் ஏன் பதற்றம்’ என்று கேட்பவர்களை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். கூபர் பீடியின் கற்கள் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லவில்லை. கரி புதைந்தபோது உலகம் குளிர்ந்தது. கரி காற்றில் ஏறியபோது சூடாயிற்று. இந்தக் கற்கள் சொல்வது இதைத்தான். அன்று அந்த மாற்றங்களுக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. நாமோ, புதைந்து கிடந்த கரியை எடுத்து எரித்து, காற்றில் 10 லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமிலவாயுவை 200 ஆண்டுகளுக்குள் 420க்கு மேல் கொண்டுபோய்விட்டோம். பூமி இவ்வளவு நுட்பமாகக் கரிக்கு அசைந்து கொடுக்கிறது என்று தெரிந்த பிறகு நமக்கு வர வேண்டியது ஆறுதல் அல்ல, எச்சரிக்கை.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அண்ணன் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மாணவராக இருந்தபோது அங்கே அழைத்துப் போனார்களாம். காரைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: மழைநீர் அறுத்த ஓடைகள் வரிவரியாக ஓடும் வெட்டவெளி, தரையில் மின்னும் ஜிப்சம், களிப்பாறை. மூன் பிளெயினில் நின்றபோது எனக்கும் அந்த நினைப்பு வந்தது. உறவு தோற்றத்தோடு முடியவில்லை. இந்தியா ஆஸ்திரேலியாவையும் அண்டார்க்டிகாவையும் விட்டுப் பிரிந்தபோது உண்டான பள்ளத்தில்தான் காவிரிப் படுகை அமைந்தது. கிரிட்டேஷியஸ் கடல் அதற்குள் ஏறி வந்து காரையின் சேற்றைப் படியவைத்தது. இந்தப் பகுதியை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து 1860களில் எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அதற்கு முன், 1856இல், ஒடிசாவின் தால்சேர் பாறைகளில் பழைய பனியின் தடத்தைக் கண்டு சொன்ன குழுவிலும் அவர் இருந்தார். பிறகு 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயத்தில் பனி கூடினால் பருவமழை குறையும் என்று கண்டு சொன்னவரும் அவரே.

காரையில் தோட்டா வடிவில் கிடக்கும் கற்களைப் பலர் பார்த்திருப்பார்கள். கணவாய் மீனின் பழைய உறவான பெலம்னைட் என்ற உயிரின் உள்ளோடு அது. கூபர் பீடியிலும் பெலம்னைட் உண்டு. அங்கே ஓப்பலாக மாறி நீலமும் பச்சையுமாக ஒளிவிடுகிறது, நல்ல விலையும் போகிறது. ஆனால் மாறியதோடு அதன் பழைய சுண்ணாம்பு போய்விட்டது. கடலின் வெப்பத்தைச் சொல்லும் ஆக்சிஜனும் போய்விட்டது. காரையில் கிடப்பது பளபளப்பில்லாத பழுப்புச் சுண்ணாம்பு. அதன் வளர்ச்சி வளையங்களில் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் இன்னும் இருக்கின்றன. வேதியியலாளர் ஹெரால்டு யூரியின் குழு 1951இல் ஸ்காட்லாந்தின் ஒரு பெலம்னைட்டை வளையம் வளையமாகச் சுரண்டி, அது வாழ்ந்த கோடைகளையும் குளிர்காலங்களையும் எண்ணிச் சொன்னது. தமிழ்நாட்டுப் பெலம்னைட்டுகளையும் ஆய்வாளர்கள் அப்படி அளந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தென்கோளத்தின் குளிர்ச்சியையும் வெப்பத்தையும் அறிய உதவும் வெப்பமானிகள் நம் ஊர்ப் பொட்டலில் கிடக்கின்றன.

அவற்றைத்தான் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பைநிறைய அள்ளிக்கொண்டு போகிறார்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் இல்லாமல் வீட்டு அலமாரிக்குப் போன பெலம்னைட் அறிவியலுக்குச் செத்த பொருள். காரைக்குப் போங்கள், பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தையும், வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். குனிந்து பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். சில ஆயிரம் மைல்களுக்கு அப்பால் ஓர் எலும்புக்கூட்டைக் காப்பாற்றப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். நாம் காசுகூடத் தர வேண்டாம், கைவைக்காமல் இருந்தால் போதும்.